சித்தப்பாவைத் தின்ற சுறா

போன வருடம் இலையுதிர்கால விடுமுறைக்கு முன்பு என் மகள் பள்ளியில் ஒரு உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. நான்காம் வகுப்பு. ஜெர்மன் பள்ளிகளில் இதற்கு ‘ரெஃபெராட்’ என்று பெயர். பெரிய அட்டையில் படங்கள் ஒட்டி, வகுப்பின் முன் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். பிறகு மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். தலைப்பை அவளே தேர்ந்துகொண்டாள்: சுறா பற்றி மனிதர்கள் நம்பும் பொய்கள். பேச்சுக்கு அவள் பயப்படவில்லை, கேள்விக்குத்தான் பயந்தாள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் என்னை வகுப்பாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள்.

நல்ல மாணவனாக நடந்துகொள்ள நினைத்து நான் கையைத் தூக்கினேன். எங்கள் குடும்பத்தில் ஒருவரைச் சுறா கொன்றிருக்கிறது, என் சித்தப்பாவை, என்றேன்.

அவள் கண் விரிந்தது. பயத்தில் அல்ல, ஆர்வத்தில். “எந்தச் சுறா?”

“எந்தச் சுறான்னா?”

“என்ன இனம்? புலிச்சுறாவா? எவ்வளவு நீளம்? யார் பார்த்தாங்க?”

எல்லோரும் சொன்னார்கள் என்றேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய ஆசிரியையின் குரலிலேயே கேட்டாள்: “வோஹெர் வைஸ்ட் டு தாஸ்?” அது உனக்கு எப்படித் தெரியும்? தமிழில் என்னை ‘நீங்க’ என்கிறவள் ஜெர்மனுக்கு மாறினால் ‘நீ’தான். அந்த மொழியில் பிள்ளைகளுக்கு உள்ள வசதி அது.

நான் மென்பொருள் சோதனையில் ஆலோசகன். பதினெட்டு வருடமாக, மற்றவர்கள் எழுதிய நிரல்களைப் பார்த்து இந்த ஒரே கேள்வியைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். இது வேலை செய்யும் என்று உனக்கு எப்படித் தெரியும், யார் பார்த்தது, எந்தச் சூழலில், எத்தனை முறை? ஆனால் சித்தப்பா இறந்து முப்பது வருடம் கடந்தும் அந்தக் கேள்வியை நான் அவருடைய சாவை நோக்கிக் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1993. தூத்துக்குடி. எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அன்று பொழுது சாயும் நேரத்தில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்துவரை வெள்ளை வேட்டியால் மூடியிருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. பிள்ளைகளை இரண்டு நிமிடம் உள்ளே விட்டுவிட்டு வெளியே அனுப்பினார்கள். வாசலில் நின்ற யாரோ, “சுறா அடிச்சிட்டு” என்றார். மறுநாள் தெருவெல்லாம் அதையே சொன்னது. அதற்குப் பிறகு அப்பா என்னைக் கடற்கரைப் பக்கமே விடவில்லை. மீன்காரத் தெருவில் பிறந்து நீச்சல் தெரியாமல் வளர்ந்தேன். உள்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி படித்தேன். 2004இல் முதுகலைக்காக ஹாம்பர்க் வந்தேன். இங்கேயே தங்கிவிட்டேன்.

பால்டிக் கடலுக்குப் போனாலும் நான் முழங்கால் தண்ணீரைத் தாண்டுவதில்லை. டிம்மென்டோர்ஃபர் ஸ்ட்ராண்டில் கோடைக்காலத்தில் கைக்குழந்தைகள் உருளும் தண்ணீர் அது. ஆளைக் கடிக்கும் சுறா அந்தக் கடலில் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் போகாது. என் மகளோ ஐந்து வயதிலேயே ‘ஸேபெர்ட்ஷன்’ வாங்கிவிட்டாள். கடல்குதிரை என்று பொருள்படும் நீச்சல் பட்டை. விளிம்பிலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்தி, தோளளவுத் தண்ணீரின் அடியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துவர வேண்டும். அந்தப் பட்டையை அவளுடைய நீச்சலுடையில் தைத்துக்கொடுத்தது நான்தான்.

அவளுடைய உரைக்கு உதவலாம் என்று சனிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஹான்ஸ் ஹாஸ் கிடைத்தார். ‘உன்டர் கொராலன் உன்ட் ஹையன்’, பவளங்களுக்கும் சுறாக்களுக்கும் நடுவே, 1941. நாலு யூரோ. விற்ற கிழவர், “இவரைப் பார்த்துத்தான் எங்கள் தலைமுறை கடலுக்குள் எட்டிப்பார்த்தது” என்றார். ஹாஸ் வியன்னாக்காரர், 1919இல் பிறந்தவர். பெர்லினில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1939இல், இருபது வயதில், இரண்டு நண்பர்களோடு கரீபியனில் உள்ள குராசாவ் தீவுக்குப் போனார். கண்ணாடி, காலில் துடுப்பு, கையில் ஈட்டி. சுறாக் கூண்டு என்று ஒன்று அன்று இல்லை. சுறா இருக்கும் தண்ணீரில் இறங்கினால் ஆள் திரும்பமாட்டான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். இவர்கள் இறங்கினார்கள். சுறாக்கள் வந்தன, சுற்றின, பார்த்தன, போய்விட்டன.

சில சமயம் போகாமல் நெருங்கின. குறிப்பாக ஈட்டியில் மீன் துடித்தபோது. அப்படி ஒருமுறை பயத்தில் தண்ணீருக்குள்ளேயே அலறியபோது சுறா திடுக்கிட்டுத் திரும்பி ஓடியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். வேலை செய்தது. தண்ணீருக்குள் கத்தினால் சுறா ஓடும் என்பது ஹாஸின் கண்டுபிடிப்பாகப் புத்தகத்தில் ஏறியது.

எங்கள் தொழிலில் எல்லா நாட்டிலும் எல்லா மொழியிலும் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு: “என் கணினியில் வேலை செய்கிறதே!” நிரல் எழுதியவர் சொல்வார். உண்மையும்கூட, அவருடைய கணினியில் அது வேலை செய்யும். ஹாஸின் அலறலுக்கும் அதுவே நடந்தது. 1953இல் வெளியான ‘மௌன உலகம்’ புத்தகத்தில் பிரெஞ்சுக்காரர் குஸ்டோ, அட்லாண்டிக்கில் அவரும் டூமாவும் ஒரு சுறாவிடம் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறார். கையை வீசினார்கள், குமிழி விட்டார்கள், முடிந்த மட்டும் கத்தினார்கள். சுறா கண்டுகொள்ளவில்லை. கடைசியில் கேமராவால் அதன் தலையில் இடிக்க வேண்டியிருந்தது. குராசாவின் சுறாக்கள் ஓடின என்பதால் எல்லாக் கடலின் சுறாக்களும் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. சுறாவில் ஐந்நூறு இனங்களுக்கு மேல் இருக்கின்றன. ‘சுறா என்ன செய்யும்’ என்ற கேள்வியே, ‘மிருகம் என்ன செய்யும்’ என்பதுபோல அரைகுறைக் கேள்விதான்.

அதே சந்திப்பில் இன்னொரு நம்பிக்கையும் தோற்றது. குஸ்டோவின் காலிலும் இடுப்பிலும் தாமிர அசிட்டேட் வில்லைகள் கட்டியிருந்தன. கரைந்து வந்த அந்தச் சாயத்துக்குள் சுறா சாவகாசமாக நீந்தி வந்தது. இரண்டாம் உலகப்போரில் கடலில் விழும் மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் அமெரிக்கர்கள் தயாரித்த சுறா விரட்டியின் முக்கியச் சரக்கு இந்தத் தாமிர அசிட்டேட்தான். அதை உருவாக்கிய உளவுத்துறைப் பிரிவில் வேலை பார்த்தவர்களில் ஒருவர், பிற்பாடு சமையல் புத்தகங்களால் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட். அங்கிருந்து அவரை அனுப்பிய ஊர் கண்டி! விரட்டியை நம்ப முடியாது என்று பிறகு நடந்த சோதனைகள் காட்டின. ஆனாலும் பல வருடம் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கடலில் மிதப்பவனுக்கு கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

என் மகளுக்குப் பிடித்தது வேறொரு சோதனை. ஒரு சொட்டு இரத்தத்தை ஒரு மைல் தூரத்திலிருந்து சுறா மோப்பம் பிடிக்கும் என்பது அவளுடைய பட்டியலில் முதல் பொய். ஃபுளோரிடாவில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்று சுறாவின் மூக்கு மற்ற மீன்களின் மூக்கைவிட அப்படியொன்றும் கூர்மையானதல்ல என்று காட்டியது. ஒரு சிறிய நீச்சல் குளத்தில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஆனால் சுறாவிடம் நம்மிடம் இல்லாத இன்னொரு புலன் இருக்கிறது. மூக்கைச் சுற்றிக் கூழ் நிரம்பிய நுண்துளைகள். 1678இல் இத்தாலியர் லோரென்சினி அவற்றை விவரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. உயிருள்ள உடல் ஒவ்வொன்றும் கசியவிடும் மெல்லிய மின்சாரத்தை உணரத்தான் என்று 1971இல் கால்மைன் என்ற டச்சுக்காரர் நிரூபித்தார். பிறகு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரைக்கு அப்பால், இருட்டில், படகிலிருந்து ஒரு சோதனை செய்தார். நடுவில் மீன் சாற்றைக் கசியவிட்டார்கள். இரு புறமும் ஒரு ஜோடி மின்முனைகள். ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் ஓடியது. வாசனையைத் தொடர்ந்து வந்த சுறாக்கள், கடைசி நொடியில் வாசனையை விட்டுவிட்டுத் திரும்பி, மின்சாரம் ஓடிய முனையைக் கடித்தன. மீனே இல்லாத இடத்தில்!

“பாவம், ஏமாந்துடுச்சு” என்றாள் மகள். அட்டையில் அந்தப் படத்தை வரைந்து மஞ்சள் மின்னல் போட்டாள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது. கரீபியன், அட்லாண்டிக், மசாசூசெட்ஸ். இரண்டாயிரம் வருடமாக சுறாவோடு ஒரே தண்ணீரில் குளித்த எங்கள் ஆட்கள் எங்கே? பட்டினப்பாலையில் சுறாக்கொம்பை நட்டு வழிபடும் பரதவர் வருகிறார்கள், சரி. சோதனை என்று ஏதாவது? தேடியபோது கடல்கட்டி அகப்பட்டார்.

சின்ன வயதில் பெரியவர்கள் வாயில் கேட்ட சொல். கடலைக் கட்டுகிறவர், அதாவது சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். முத்துக்குளிப்பு நடந்த காலமெல்லாம், மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையிலும், இவர் வராமல் யாரும் இறங்கமாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலி. பகலில் மீன்களைக் கட்டிவைப்பார்கள். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இருட்டில் யாரும் திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்கக் கூடாது என்பதற்காக. அதைப் படித்துச் சிரித்தேன். சுறாவை வைத்து இவ்வளவு சுலபமாக ஒரு காவல் ஏற்பாடு!

அறுநூறு வருடம் தாவினால் எமர்சன் டென்னென்ட். 1859இல் வெளியான அவருடைய இலங்கை நூலில் முத்துக்குளிப்பைப் பார்க்கப் போன கதை இருக்கிறது. கடல்கட்டியின் வேலை பரம்பரை வேலை. அப்போதைய குடும்பத் தலைவர் கத்தோலிக்கர். மந்திரத்துக்கு அது இடைஞ்சல் என்று யாரும் நினைக்கவில்லை. டென்னென்ட் போன சமயம் அவருக்கு உடம்பு சரியில்லை, பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். பதிலாள் மறைக்காமல் சொல்லிவிட்டார்: மந்திர இரகசியம் எனக்குத் தெரியாது, ஆனால் அவருடைய பிரதிநிதியாக நான் வந்திருக்கிறேன் என்பதைச் சுறாக்கள் மதிக்கும். ஆலோசகர் தொழிலில் இருப்பவனுக்கு இது ஒன்றும் புதிதல்ல. மூத்தவர் வர முடியவில்லை, அவர் அனுப்பிய இளையவர் வந்திருக்கிறார், கட்டணம் அதேதான்.

அங்கே சுறாவால் விபத்து மிக அரிது என்றும் டென்னென்ட் எழுதுகிறார். காரணமாக அவர் ஊகிப்பது மந்திரத்தை அல்ல, கூட்டத்தின் இரைச்சலை. அத்தனை படகு, அத்தனை பேர் குதிக்கும் சத்தம், அதில் சுறா மிரண்டு விலகியிருக்கலாம் என்கிறார். ஹாஸ் குராசாவில் அலறுவதற்கு 80 வருடம் முன்பே! ஆனால் இதைச் சோதிக்க வழியில்லை. மந்திரம் ஓதாத நாள் ஒன்று வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அந்த நாளில் யார் குதிப்பார்கள்? கடல்கட்டி சுறாவைக் கட்டினாரோ இல்லையோ, குளியாளின் காலைக் கட்டியிருந்த ஒன்றை அவிழ்த்துவிட்டார். இருபதில் ஒரு பங்கு அதற்கு அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

சுறா பற்றி எங்கள் வீட்டில் நடந்த ஒரே சோதனை மகள் பிறந்தபோது நடந்தது. பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். வந்த மறுநாளே பால் சுறா வேண்டும் என்றாள். தாய்ப்பால் ஊறப் புட்டு செய்ய வேண்டுமாம். ஹாம்பர்க்கில் எங்கே போவது? ஞாயிறு காலை ஃபிஷ்மார்க்டில் ஒரு கடைக்காரர் ‘ஷில்லர்லோக்கன்’ என்று பொன்னிறத்தில் சுருண்ட புகைமீன் துண்டுகளை விற்றுக்கொண்டிருந்தார். கவிஞர் ஷில்லரின் சுருள்முடி என்று பொருள். முள்ளன் சுறா என்று சொல்லத்தக்க ஒரு சிறு சுறாவின் வயிற்றுச் சதை அது. இந்த நாட்டில் சுறாவைச் சுறா என்று சொன்னால் வாங்கமாட்டார்கள், கவிஞர் பெயரில் கொடுத்தால் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். (அப்படிச் சாப்பிட்டே வடகிழக்கு அட்லாண்டிக்கில் அந்த மீனை அருகச்செய்துவிட்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.) அம்மா அதை உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் புட்டு செய்தாள். எண்ணெய் சொட்டியது, வீடெல்லாம் புகை வாசம். என் மனைவி திருச்சிக்காரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டாள். பால் ஊறியதா என்று கேட்காதீர்கள். ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு முறை. இதைச் சோதனை என்று சொன்னால் என் தொழிலில் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

மகளின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. எந்த இனம், யார் பார்த்தது?

பார்த்தவர் ஒருவர்தான் மிச்சம். அப்பாவின் பெரியப்பா மகன், எனக்குப் பெரியப்பா முறை. அன்று அதே படகில் இருந்தவர். எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பேரன் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, திரையில் அவருடைய நெற்றியும் கூரை விசிறியும் தெரிந்தன. நலம் விசாரித்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

“சுறாவா? ஏல, யாரு சொன்னா ஒனக்கு?”

“எல்லாரும் சொன்னாவளே பெரியப்பா.”

“சுறா வரும். பாக்கும். போவும். நான் நாப்பது வருசம் கடல்ல கெடந்தவன். சுறா கடிச்சிச் செத்தவன ஒருத்தனயும் பாத்ததில்ல. ஒஞ் சித்தப்பன் செத்தது பெல்ட்டு அறுந்துல்லா.”

அப்போதுதான் எங்கள் பக்கம் சங்கு குளிப்பதில் கம்ப்ரசர் பழகத் தொடங்கியிருந்தது. படகில் ஒரு எஞ்சின், அதோடு பெல்ட்டில் இணைத்த கம்ப்ரசர், அதிலிருந்து நீளமான ட்யூப். குளியாள் ட்யூப் முனையை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார். மூச்சடக்கிக் குளித்த காலத்தில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். இப்போது மணிக்கணக்கில் கீழே இருக்கலாம். சங்கு சாக்குச் சாக்காக வந்தது. அன்று பன்னிரண்டு பாகம் தண்ணீர். ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம், ஆக இருபது மீட்டருக்கு மேல். சித்தப்பா காலையிலிருந்து நாலாவது தடவையாக இறங்கியிருந்தார். பெல்ட் அறுந்து காற்று நின்றது. கீழேயிருந்து ட்யூபை இழுத்துச் சைகை கொடுத்தார். மேலே ட்யூப் பிடித்துக்கொண்டிருந்தவர் இந்தப் பெரியப்பா.

“நாந்தான் இழுத்தேன். வெரசா இழுத்தேன். உசுரோடதான் வந்தான். படகுல ஏறி உக்காந்தான். காலு தெரியலண்ணே, காலு தெரியலண்ணேன்னான். கரைக்கு வரதுக்குள்ள போயிட்டான்.”

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

“மெதுவா ஏத்தணும்னு பெறவுதான் சொன்னாவ. அன்னைக்கு எவன் சொல்லித் தந்தான்?”

இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்குகிறது. எவ்வளவு நேரம் கீழே இருக்கிறோமோ அவ்வளவு தங்கும். மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். சடாரென்று ஏறினால் சோடா புட்டியைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். முதுகுத்தண்டில் குமிழி அடைத்தால் கால் போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் விரியும் காற்று நுரையீரலையே கிழிக்கும். அன்று எது நடந்தது, இரண்டுமா, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒன்றைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கீழே காற்றே இல்லாதபோது மெதுவாக ஏற்ற முடியாது, நீங்கள் இழுத்திருக்காவிட்டால் அங்கேயே போயிருப்பார் என்றேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. பேரன் வந்து, “தாத்தா அழுதாரு, பெறவு கூப்புடுங்க சித்தப்பா” என்றான்.

வேட்டி ஏன் கழுத்துவரை போர்த்தியிருந்தது என்று அன்று இரவு யோசித்தேன். காயத்தை மறைக்க என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மறைப்பதற்குக் காயமே இருந்திருக்காது. சுறா என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. படகு முதலாளியைப் பெல்ட் எத்தனை வருடப் பழசு என்று கேட்க வேண்டாம். ட்யூப் பிடித்தவரை எப்படி இழுத்தாய் என்று கேட்க வேண்டாம். சுறாவுக்கு முதலாளி இல்லை, சம்பளப் பாக்கி இல்லை, போலீஸ் அதைத் தேடாது.

ஹாஸின் கதையிலும் இப்படி ஓர் இடம் உண்டு, அதுவரை நான் வேகமாகத் தாண்டிப் போயிருந்த இடம். 1953இல் ‘ஸாரிஃபா’ என்ற பாய்மரக் கப்பலில் இதே ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து அவர் புறப்பட்டார். கரீபியன், கலபாகஸ். அடுத்த பயணத்தில், 1957–58இல், மாலத்தீவும் நிக்கோபாரும் இலங்கையும். கூடவே போன விலங்கு நடத்தை ஆய்வாளர் ஐபல்-ஐபஸ்ஃபெல்டோடு சேர்ந்து சுறா அனுபவங்களை 1959இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். முதல் பயணத்தில் ஜிம்மி ஹாட்ஜஸ் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் இறந்துபோனார். சுறாக்களுக்கு நடுவே படம் எடுக்கப் போன கப்பலில் ஒரு சாவு. ஆனால் கொன்றது சுறா இல்லை, முதுகில் கட்டியிருந்த பிராணவாயுக் கருவியோடு மூழ்கியபோது நேர்ந்த விபத்து. ஹாஸ் நாற்பதுகளிலிருந்தே பயன்படுத்தி வந்த வகைக் கருவி அது. லூபெக்கில் உள்ள ட்ரேகர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. கருவி பழுதாகாமலே ஆளைக் கொல்லக்கூடியது, ஏனென்றால் ஆழம் கூடினால் சுத்தப் பிராணவாயுவே நஞ்சு. ஹாஸ் மட்டும் சுறாக்களோடு வாழ்நாளெல்லாம் பழகிவிட்டு 2013இல், 94 வயதில், வியன்னாவில் இறந்தார்.

உலகம் முழுவதும் சுறா கடித்து இறப்பவர்கள் சராசரியாக ஆண்டுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒவ்வொருவரும் செய்தியாகிறார்கள். கம்ப்ரசர் ட்யூபில் போனவர்களை யாராவது எண்ணுகிறார்களா?

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். நாற்பத்துமூன்று வயதில் முழங்கால் தண்ணீரில் நிற்பவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு என்று நினைத்தேன்.

“தெரியும்யா” என்றாள் அம்மா. “எல்லாருக்குந் தெரியும். ஒங்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னது ஒங்கப்பாதான்.”

“ஏம்மா? கம்ப்ரசர்னு சொல்லியிருந்தா என்ன?”

“கம்ப்ரசர்னு சொல்லியிருந்தா நீ நல்ல கம்ப்ரசரா வாங்கிட்டுக் கடலுக்குப் போயிருப்பியே ராசா.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவுக்குத் தன் மகனை நன்றாகத் தெரிந்திருந்தது. பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கிளம்புகிற புத்தி எனக்கு அப்போதே இருந்திருக்க வேண்டும். சுறாவை யாரும் சரிசெய்ய முடியாது. அவர் சொன்ன பொய் அவருடைய கடலில் வேலை செய்தது. ஹாம்பர்க் வரைக்கும் என்னோடு வந்ததுதான் அவர் எதிர்பார்க்காதது.

மகளிடம் நடந்ததைச் சொன்னேன், பத்து வயதுக்குச் சொல்லக்கூடிய அளவில். உரையில் சேர்க்கலாமா என்று கேட்டாள். உன் விருப்பம் என்றேன். எட்டாவது பொய்யாக அட்டையின் ஓரத்தில் சேர்த்துக்கொண்டாள். வகுப்பில் ஒரு பையன், சுறா இல்லையென்றால் எது என்று கேட்டானாம். “ஒரு பெல்ட்” என்றாளாம். யாரும் நம்பவில்லை, மின்னல் படத்துக்குத்தான் கைதட்டல் என்றாள்.

ஜனவரியில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாய் இரவு எட்டு மணி. நாங்கள் ஆறு பேர். எரித்ரியாவிலிருந்து வந்த இருவர், ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன் தபால்காரர், மற்றவர்களின் கதை எனக்குத் தெரியாது. யாரும் யாரிடமும் ஏன் இவ்வளவு நாள் கழித்து என்று கேட்பதில்லை. ஐந்தாவது வாரம் தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். ஒன்பதாவது வாரம் ஒரு குளத்தின் அகலத்தைக் கடந்தேன், நாய் நீந்துவதுபோல.

பிறகு ஒரு சனிக்கிழமை மகளோடு அதே குளத்துக்குப் போனபோது, மார்பளவுத் தண்ணீரில் நின்று அவளிடம் ஒரு சோதனைக்குத் துணை கேட்டேன். அவள் நாலு மீட்டர் தள்ளி மூழ்கி, காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நான் மூழ்கி, ஹாஸ் குராசாவில் செய்ததுபோல, முடிந்த மட்டும் அலற வேண்டும். மூன்று எண்ணி மூழ்கினோம். வாயைத் திறந்தேன். குமிழிகள் முகத்தை மூடின. என் சத்தம் எனக்கே யாரோ பக்கத்து வீட்டில் கத்துவதுபோலக் கேட்டது. மேலே வந்தபோது குளத்தின் காவலர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.

“கேட்டுச்சா?”

மகள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். “கேட்டுச்சு. கோழி மாதிரி இருந்துச்சு.” கொஞ்சம் யோசித்தாள். “ஒரு தடவை போதாதுப்பா. இன்னொரு தடவை பண்ணுங்க.”